சாலிஸ்பரிக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் இருக்கும் சாலிஸ்பரியில் என் மகள் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அவளோடு தங்கிவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எல்லையோர ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மறையூரில் தமிழ்வழி வகுப்புகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இத்தனை பேர் பழைய கல்லையும் கட்டடத்தையும் பற்றிக் கேட்பதைப் பார்க்க மனசு நிறைந்திருக்கிறது. இடம் இருக்கும் அளவுக்குப் பதில் சொல்கிறேன்.

என் மகன் சவுத்தாம்ப்டனில் இருக்கிறான். மே மாதம் எங்களைக் கூப்பிடுகிறான். லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச், சாலிஸ்பரி, பாத் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பஸ் இருக்கிறதாம். அதில் போனால் போதுமா? எனக்கு முழங்கால் வலி உண்டு.
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள் அம்மா. மூன்று ஊர் பார்த்ததாகக் கணக்கு இருக்குமே தவிர, ஒன்றும் மனதில் நிற்காது. பாதி நாள் ஜன்னலோரத்திலேயே போய்விடும். உங்கள் மகன் இருக்கும் ஊரிலிருந்து சாலிஸ்பரிக்கு நேர் ரயில் இருக்கிறது, பக்கம்தான். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வந்தாலும் ஒன்றரை மணி நேரம். சாலிஸ்பரியில் இரண்டு இரவு தங்குங்கள். அதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

முதல் நாள் காலையில் ஓல்டு சாரம். ஊருக்கு வடக்கே இரண்டு மைல். சாலிஸ்பரி பிறப்பதற்கு முன்னால் ஊர் இருந்த மேடு அது. அதைப் பார்த்துவிட்டு, கீழே சாலிஸ்பரியில் உள்ள பேராலயத்துக்கு (கதீட்ரல்) வந்தால்தான் ஏன் இங்கே இப்படிக் கட்டினார்கள் என்பது புரியும். மாலையில் பேராலயத்திலேயே இருந்து பாடகர் குழுவின் வழிபாட்டைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மறுநாள் ஸ்டோன்ஹெஞ்ச், பெரிய கற்களை வட்டமாக நிறுத்திய பழங்காலத்து இடம். ரயில் நிலையத்திலிருந்தே அதற்கென்று தனி பஸ் போகிறது, வழியில் ஓல்டு சாரத்திலும் நிற்கும். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முழங்காலைப் பொறுத்தவரை பேராலயத்தில் கவலை இல்லை, எல்லாம் சமதளம். கோபுரத்தில் ஏறும் சுற்றுலா மட்டும் வேண்டாம், 332 படி. ஸ்டோன்ஹெஞ்சில் வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன, ஆனால் வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். ஓல்டு சாரத்தில் ஏற்றம் உண்டு. மெதுவாக, மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம்.

நான் கட்டட மேஸ்திரி. சாலிஸ்பரிப் பேராலயத்தின் 400 அடிக் கோபுரம் நாலடி அஸ்திவாரத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப் பிழையா?
(வாசகர், குமுளி)

பிழை இல்லை மேஸ்திரி. நீங்கள் நேரில் பார்க்க வேண்டிய கட்டடம் அது.

1220-ல் அடிக்கல் நாட்டினார்கள். பேராலயத்தின் முக்கியப் பகுதி 38 ஆண்டுகளில், 1258-ல் முடிந்துவிட்டது. நூறு, இருநூறு வருஷம் என்று வேலை இழுத்த அந்தக் காலத்தில் இது மிக வேகம். அதனால்தான் கட்டடம் முழுக்க ஒரே கை செய்தது போல இருக்கிறது. ஆனால் அப்போது இவ்வளவு உயரக் கோபுரம் திட்டத்தில் இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரத்தை உயர்த்தி, அதன் மேல் ஊசிக்கோபுரத்தையும் வைத்தார்கள். ஏறத்தாழ 6,500 டன் எடை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த தூண்களின் தலையில் ஏறியது. மொத்த உயரம் 404 அடி. பிரிட்டனில் இன்றுவரை மிக உயரமான ஆலயக் கோபுரம் அதுதான். நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு.

அடியில் பாறை கிடையாது. ஆற்றுப் படுகையின் சரளை. சுற்றிலும் ஆறுகள் கூடும் பள்ளம், நீர்மட்டம் மிக மேலே. அந்தச் சரளைப் படுகை ஈரமாகவும் இறுகியும் இருப்பதால் எடையைத் தாங்குகிறது. அதனால் நீர்மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி என்கிறீர்களா? நான் இருந்தபோது ஒரு வயதான வழிகாட்டி நடுமண்டபத்துத் தரையில் சின்ன மூடி ஒன்றைத் தூக்கினார். நீளக் கோல் ஒன்றைக் கீழே விட்டு எடுத்தார். நுனி நனைந்து வந்தது. கிணற்றில் கயிறு விட்டு நீர் பார்ப்பதைப் போலத்தான். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் முட்டி போட்டுப் பார்த்தேன். நாம் நிற்கும் கல்லுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்.

எடை தன் வேலையைக் காட்டாமல் இல்லை. கோபுரத்துக்கு அடியில் நின்று, நாலு மூலையிலும் உள்ள பர்பெக் கல் தூண்களை அண்ணாந்து பாருங்கள். வில் போல வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கோபுரமும் நேராக இல்லை. 1668-ல் கிறிஸ்டோபர் ரென் வந்து தூக்குக்குண்டு கட்டி அளந்தார், லண்டன் புனித பால் பேராலயத்தைப் பின்னால் கட்டியவர் அவர். உச்சி இரண்டு அடிக்கும் மேலே சாய்ந்திருந்தது. ரென்னுக்கு முன்பே இடைக்காலத்தில் குறுக்கு வளைவுகள் கட்டியிருந்தார்கள், பின்னால் இரும்புக் கட்டுகளும் போட்டு இறுக்கினார்கள். ஊசிக்கோபுரத்துச் சுவர் அடியில் இரண்டடி கனம், உச்சியில் ஓரடிக்கும் குறைவு. எடையைக் குறைக்க அப்படி. அதற்குள்ளே இடைக்காலத்தில் வேலை செய்தவர்கள் கட்டிய மரச் சாரம் இன்னும் இருக்கிறது. உங்களால் படி ஏற முடியும், ஆகவே கோபுரச் சுற்றுலாவில் போய் அந்த மரவேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் ஏறவில்லை, மகள் ஏறினாள். இறங்கி வந்து அதைப் பற்றித்தான் ராத்திரி முழுக்கப் பேசினாள்.

இன்னொன்று. பேராலயத்துக்குச் சொந்தமாகக் கல்தச்சர்கள் இருக்கிறார்கள், அதே வளாகத்தில் பட்டறை. 1980-களில் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் நடந்தது. சில மைல் தள்ளி உள்ள சில்மார்க் பக்கத்துக் கல்லில்தான் அன்று கட்டினார்கள். தேய்ந்த கல்லை எடுத்துவிட்டு அதே இனத்துக் கல்லை அதே அளவில் செதுக்கி வைக்கிறார்கள். சிமெண்டைக் குழைத்துப் பூசி முடித்துவிடுவதில்லை. நம் பக்கத்துப் பழைய கோயில்களுக்குத் திருப்பணி செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் சித்தூருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் இருக்கப்போகிறது? பேரனுக்குச் சொல்ல ஏதாவது கதை உண்டா?
(வாசகர், சித்தூர், ஆந்திரா)

உண்டு ஐயா, அதுவும் பெரிய கதை.

ஓல்டு சாரம் இரும்புக் காலத்து மண்கோட்டை. வட்டமான கரை, ஆழமான அகழி. பின்னால் நார்மன் அரசர்கள் அதன் நடுவில் கோட்டை கட்டினார்கள், பக்கத்திலேயே பேராலயமும் எழுந்தது. 1092-ல் அதற்கு அர்ச்சிப்பு நடந்து ஐந்தே நாளில் புயல் அடித்துக் கூரை சேதமானது. மேட்டில் ஓயாத காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு, கோட்டைச் சிப்பாய்களோடு குருமார்களுக்குத் தகராறு. ரிச்சர்ட் பூர் என்ற ஆயர் போப்பிடம் அனுமதி வாங்கிப் பேராலயத்தைக் கீழே பள்ளத்துக்கு மாற்றினார். மேட்டிலிருந்து அம்பு விட்டார்கள், அது ஒரு மானைத் தைத்தது, மான் ஓடி விழுந்த இடத்தில் புதிய பேராலயம் எழுந்தது என்று ஸ்தல புராணமும் வைத்திருக்கிறார்கள். பழைய பேராலயத்தின் அடித்தளக் கோடு மட்டும் இன்று புல்லில் தெரிகிறது.

ஊர் கீழே போய்விட்டது. ஆனால் ஆளில்லாத அந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடம் தொடர்ந்து இருந்தது! விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள். நிலம் யார் கையிலோ தொகுதியும் அவர் கையில். 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் அது ஒழிந்தது.

இங்கேதான் நம் கதை சேருகிறது. 1691-ல் அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் 1708-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது இவர் காலத்தில்தான். கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கத்தில் எடுத்த 410 காரட் பட்டை தீட்டாத வைரத்தை ஒரு வியாபாரியிடம் சென்னையில் வாங்கினார். இங்கிலாந்துக்கு அனுப்பிப் பட்டை தீட்ட வைத்து, 1717-ல் பிரான்ஸ் நாட்டை அரசருக்குப் பதிலாக ஆண்ட பிரதிநிதிக்கு (ரீஜன்ட்) விற்றார். இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'ரீஜன்ட்' வைரம் என்று பெயர். ஆந்திர மண்ணில் பிறந்தது. பேரனிடம் அதைச் சொல்லுங்கள்.

ஓல்டு சாரம் மேட்டடியில் ஸ்ட்ராட்ஃபோர்டு சப் காசில் என்று சின்னக் கிராமம். அங்குள்ள தேவாலயக் கோபுரம் பிட் கொடுத்த பணத்தில் 1711-ல் திரும்பக் கட்டப்பட்டது. அந்தக் கோபுரத்தின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். அந்தப் பணம் எங்கே இருந்து வந்தது என்று அங்கே போகிற ஒரு தமிழருக்காவது, ஒரு தெலுங்கருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தாமஸ் பிட்டின் பேரன் வில்லியம் பிட், பின்னாளில் பிரதமர் ஆனவர், 1735-ல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது ஓல்டு சாரம் உறுப்பினராகத்தான். வகுப்பில் இங்கிலாந்து வரலாறு ஒரு பாடம், இந்திய வரலாறு வேறு பாடம் என்று நடத்துகிறோம். அந்த மேட்டில் நின்றால் இரண்டும் ஒரே பாடம்.

மாக்னா கார்ட்டாவை அங்கே நேரில் பார்க்கலாமா? நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.
(வாசகர், ஆரியங்காவு)

பார்க்கலாம். 1215-ல் ஜான் அரசரிடமிருந்து பிரபுக்கள் வாங்கிய சாசனத்தின் பிரதிகளில் நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், ஒன்று லிங்கனுக்கு உரியது, ஒன்று சாலிஸ்பரியில். நான்கில் நன்றாக நிலைத்திருப்பது சாலிஸ்பரி பிரதி என்கிறார்கள். பேராலயத்தை ஒட்டிய எண்கோண மண்டபத்தில், மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க விடமாட்டார்கள்.

ஒரே தோல் தாள். பொடிப் பொடியான லத்தீன் எழுத்து, ஓரம் முதல் ஓரம் வரை இடைவெளியே இல்லாமல். பத்தி பிரிக்கவில்லை, எண் போடவில்லை. எண்கள் பிற்காலத்து அறிஞர்கள் கொடுத்தவை. சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் சுதந்திர மனிதர் எவரையும் சிறைபிடிக்கக் கூடாது என்பதும், நீதியை யாருக்கும் விற்கவோ மறுக்கவோ தாமதிக்கவோ மாட்டோம் என்பதும் அதற்குள்ளே இருக்கின்றன. அந்தக் காலத்தில் 'சுதந்திர மனிதர்' என்ற கணக்கில் பண்ணையடிமைகள் வரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2018-ல் ஒருவர் சுத்தியலால் அதன் கண்ணாடிப் பெட்டியை உடைக்கப் பார்த்தார். கண்ணாடிக்குச் சேதம், சாசனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியே நடுமண்டபத்தின் ஓரத்தில் உள்ள இரும்புக் கடிகாரத்தையும் பாருங்கள். 1386-ஐச் சேர்ந்தது, உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய இயந்திரக் கடிகாரம் என்று சொல்கிறார்கள். முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடித்து நேரம் சொல்லவே செய்தது.

மறையூர் முனியறைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம்மிடமே இவ்வளவு இருக்கும்போது ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா டீச்சர்? இங்கே வருகிறவர்கள் மூடுகல்லின் மேலேயே ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்.
(கல்லூரி மாணவர், காந்தளூர்)

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன் தம்பி. உனக்குத்தான் நீளமாகச் சொல்ல ஆசை.

கோவில்கடவுப் பாறை மேல் நாலு பலகைக் கல்லை நிறுத்தி, ஒன்றை மேலே மூடி வைத்த அந்த அறைகள் இறந்தவர்களுக்காகச் செய்தவை. பாண்டவர் வனவாசத்தில் தங்கியது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். ஸ்டோன்ஹெஞ்சிலும் அப்படிக் கதை உண்டு, மந்திரவாதி மெர்லின் கொண்டுவந்து நிறுத்தினார் என்று. எங்கும் மனிதர்கள் தங்களுக்கு மிஞ்சிய வேலையைப் பார்த்தால் பெரியவர்கள் பெயரில் எழுதிவிடுகிறார்கள்.

ஸ்டோன்ஹெஞ்சின் வட்டக் கரையும் அகழியும் ஏறத்தாழ கி.மு. 3000. பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில். அவை ஒவ்வொன்றும் சராசரியாக 20 டன்னுக்கு மேல், பெரும்பாலானவை 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள மார்ல்பரோ பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவை என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். சின்ன நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டு மலையிலிருந்து, 240 கிலோமீட்டர். நடுவில் படுத்துக் கிடக்கும் ஆறு டன் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024-ல் தெரிந்தது. அது 700 கிலோமீட்டருக்கும் மேல்! சக்கரம் அந்த நாட்டுக்கு வராத காலம்.

போனால் தனியாக நிற்கும் மிக உயரமான கல்லின் உச்சியைப் பார். அதன் ஜோடி விழுந்துவிட்டதால் தலை திறந்து கிடக்கிறது. உச்சியில் குமிழ் போல ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். அது கழுந்து. மேலே படுத்திருந்த கல்லில் அதற்கேற்ற துளை உண்டு. மரத்தில் நிலை சேர்க்கிற தச்சர் செய்வதை, இவர்கள் 20 டன் கல்லில், கல்லாலேயே அடித்து அடித்துச் செய்திருக்கிறார்கள். வட்டத்தின் மேல்கற்களையும் ஒன்றோடொன்று நாக்கும் காடியுமாகக் கோத்திருக்கிறார்கள். என் அப்பா மறையூரில் தச்சு வேலை செய்தவர். அந்தக் கழுந்தைப் பார்த்ததும் அவரைக் கூட்டிவராமல் போனோமே என்று இருந்தது.

ஆனால் கற்களைத் தொட முடியாது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து கயிற்றுக்கு வெளியேதான் நடக்க வேண்டும். அதிகாலையிலோ மாலையிலோ தனிக் கட்டணம் கட்டிச் சிறு குழுவாக உள்ளே போகலாம், அதிலும் தொடக் கூடாது. சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் புல் முழுசாக, கல்லின் மேல் காளான்பாசி அப்பிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அங்கேயும் வருகிறவர்கள் கல்லைக் கொத்தி எடுத்துப் போயிருக்கிறார்கள். 1915-ல் சாலிஸ்பரியில் ஏலத்துக்கு வந்தபோது செசில் சப் என்ற வழக்கறிஞர் 6,600 பவுண்டுக்கு வாங்கினார், மூன்று வருஷத்தில் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவர்களும் காப்பாற்றக் கற்றுக்கொண்டது பின்னால்தான். நாமும் இன்றைக்குத் தொடங்கலாம்.

தொட்டுப் பார்க்க ஆசை என்றால் வடக்கே அரைமணிக்கு மேல் கார்ப் பயணத்தில் ஏவ்பரி இருக்கிறது. உலகிலேயே பெரிய கல்வட்டம், ஒரு கிராமமே அதற்குள் இருக்கிறது, ஆடுகள் கல்லில் முதுகைத் தேய்க்கின்றன. கட்டணம் இல்லை. அதன் அருகில் மேற்கு கென்னட் நீள்மேடு. ஏறத்தாழ கி.மு. 3650-ஐச் சேர்ந்த கல்லறை, நூறு மீட்டர் நீளம். அரை மைல் வயல்வழி ஏறிப் போக வேண்டும். முகப்புப் பாறையைச் சுற்றி உள்ளே நுழைந்தால் ஐந்து அறைகள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அங்கே கிடைத்தன. உள்சுவரில் கை வைத்தேன். குளிர்ச்சியும் சொரசொரப்பும் நம் முனியறைக்குள் கை வைத்தால் இருப்பதேதான். தூரம் போக வேண்டுமா என்று கேட்டாய். முடிந்தால் போ. அதற்கு முன்னால் உன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, எந்த முனியறை நிற்கிறது, எது சரிந்தது, எந்தப் பலகையில் விரிசல் என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் குறித்து வை. மேலே ஏறுகிறவர்களிடம் சண்டை போடாமல் எடுத்துச் சொல். நோட்டு தயாரானதும் எனக்குக் காட்டு, தொல்லியல் துறைக்கு மனு எழுத நான் கூட உட்காருகிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பேராலயத்துக்குள் போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
(வாசகி, தேவிகுளம்)

தாராளமாகப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். செருப்பு கழற்ற வேண்டியதில்லை. தரையில் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கும், எல்லோரும் அதன் மேல்தான் நடக்கிறார்கள். எனக்கு மனசு வராமல் ஓரமாகவே நடந்தேன், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாலை வழிபாட்டில் எழுந்து நிற்கும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். சிறுமிகள் பாடும் நாளாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சிறுமிகளுக்கென்றே தனிப் பாடகர் குழுவை 1991-ல் தொடங்கி, இங்கிலாந்துப் பேராலயங்களில் வழிகாட்டியது சாலிஸ்பரி.

சாப்பாட்டுக்குச் செவ்வாய், சனிக்கிழமைகளில் ஊர் நடுவே சந்தை கூடுகிறது. பழமும் ரொட்டியும் சூடான பலகாரமும் கிடைக்கும். 1227-ல் அரசர் சாசனம் கொடுத்த நகரம், அன்றிலிருந்து சந்தைக்குப் பெயர் போனது. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கடையில் கேட்டால் தனியாகக் காட்டுவார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போனாலும் சரி, பேராலயத்தைச் சுற்றியுள்ள புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஸ்டோன்ஹெஞ்ச் சமவெளியில் குடை நிற்காது, காற்று பிடுங்கிவிடும். தலையை மூடுகிற மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதமாக இருந்தாலும் ஸ்வெட்டரை விடாதீர்கள்.